வடமேற்கு அறையில் ஓர் இரும்பு பீரோ

ஒரு கடிதம் வந்தால் பதினைந்து நாளுக்குள் பதில் போக வேண்டும். முடியாது என்றால், விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். கடிதத்தில் எத்தனை விஷயங்கள் இருக்கின்றனவோ அத்தனைக்கும் பதில் இருக்க வேண்டும்; ஒன்றுக்குச் சொல்லிவிட்டு இன்னொன்றை விழுங்கிவிடக் கூடாது. டில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். அந்தக் காலம் முழுவதும் இந்த விதியை நான் காப்பாற்றினேன், மற்றவர்களையும் காப்பாற்ற வைத்தேன். "பதில் எழுதாத லெட்டரை மேஜையில் வைத்துக்கொண்டு உங்களுக்குச் சாப்பாடு எப்படி இறங்குகிறது?" என்று கேட்டு ஓர் உதவியாளரை அழ வைத்திருக்கிறேன். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். ஆனால் விதி நல்ல விதி.

அந்த விதி கடைசியில் மீறப்பட்டது என் வீட்டில்தான். மீறியது யார் என்று தெரிவதற்கு ஏழு மாதம் ஆயிற்று. கண்டுபிடித்துக் கொடுத்தது, நான் வாய்க்கு வந்தபடி கேலி செய்துகொண்டிருந்த ஒரு சீன வித்தை.

எங்களுக்கு ஒரே மகள். டில்லியிலேயே பிறந்து, ஹிந்தியில் கனவு காண்கிறவள். பரீட்சை எழுதி, மத்திய அரசுத் துறை ஒன்றில் நிரந்தர வேலை வாங்கினாள். அன்றைக்கு நான் டில்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டி என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்க, பன்னிரண்டு மாடிக்கும் லட்டு கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து, போன மே மாதம், அவள் அந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டாள். தோழிகள் இரண்டு பேரோடு சேர்ந்து குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் கார்ட்டூன் படங்கள் எடுக்கப் போகிறாளாம். தெற்கு டில்லி முனிர்காவில் ஓர் அறைக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. எனக்குத் தகவல் வந்தது கடைசியில்தான்.

"அது நிரந்தர வேலை" என்றேன். இதைவிட வலுவான வாதம் என்னிடம் இல்லை, இப்போதும் இல்லை.

"அப்பா, நான் அங்க என்ன பண்ணுதேன் தெரியுமா? யாரோ எழுதுன லெட்டருக்கு நம்பர் போடுதேன். அவ்ளோதான். ஒரு தடவ ஆராம்சே, நிதானமா உக்காந்து கேளுங்களேன்."

"கேக்கதுக்கு என்ன இருக்கு? காரணம் இருந்தா எழுத்துல குடு."

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. அலுவலகத்தில் தாமதமாக வருகிறவர்களிடம் சொல்லும் வாக்கியம் அது. "அச்சா, சரி" என்றாள். அந்தச் சனிக்கிழமை இரண்டு சூட்கேஸோடு கிளம்பிவிட்டாள்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. அப்பா காகிதத்தில் இருந்தால்தான் படிப்பார் என்று தெரிந்து, கையால் எழுதித் தபாலில் அனுப்பியிருந்தாள். நான்கு தாள், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், நல்ல ஆங்கிலத்தில். நான் பென்சிலை எடுத்து ஓரத்தில் பத்திகளுக்கு எண் போட்டேன். ஒன்பது பத்தி. ஒவ்வொன்றுக்கும் பத்திவாரியாகப் பதில் தயார் செய்தேன். பத்தி ஒன்று: கருத்து ஏற்கப்படவில்லை. பத்தி இரண்டு: உண்மைக்கு மாறானது. பத்தி ஐந்தில், நான் அவளுடைய ஓவியங்களைச் சிறு வயதில் ஃபைலில் போட்டுப் பத்திரப்படுத்தியது நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தாள். அதற்கு 'விவரம் சரி' என்று பதில். பத்தாம் நாள் விரைவுத் தபாலில் அனுப்பினேன். விதிக்கு ஐந்து நாள் மிச்சம்.

அதற்குப் பிறகு மகள் என்னோடு பேசவில்லை. அம்மாவோடு தினமும் பேசினாள். போனை என்னிடம் கொடுத்தால் 'நெட்வொர்க்' போய்விடும். தீபாவளிக்கு வரவில்லை. அம்மா ஒருமுறை வற்புறுத்திக் கேட்டபோது அவள் சொன்னது இதுதான்: "அப்பா எல்லாத்துக்கும் பதில் எழுதிட்டாரு. ஒண்ணே ஒண்ணுக்கு எழுதல. எதுன்னு அவருக்கே தெரியும்."

நான் ஃபைலை எடுத்துச் சரிபார்த்தேன். ஒன்பது பத்தி, ஒன்பது பதில். ஒன்றும் விட்டுப்போகவில்லை. பெண் அநியாயமாகப் பேசுகிறாள் என்ற முடிவுக்கு வந்து, ஃபைலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பீரோ இருந்தது மகளின் அறையில். அவள் போன பதினைந்தாம் நாள் அந்த அறையை நான் என் அலுவலகமாக மாற்றிக்கொண்டிருந்தேன். அதுவரை பால்கனியில் மழையில் நனைந்துகொண்டிருந்த ஆறடி இரும்பு பீரோ உள்ளே வந்தது. மின்வாரியத்தோடு, காப்பீட்டுக்காரர்களோடு, சொசைட்டி நிர்வாகக் குழுவோடு நான் நடத்திய கடிதப் போக்குவரத்து எல்லாம் அதில் வருட வாரியாக நின்றது. கட்டிலைச் சுவரில் சாய்த்து வைத்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் விஷயம் மேல்மட்டத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

மேல்மட்டம் என்பது இங்கே மூன்றாம் மாடி. அங்கே ஒரு பஞ்சாபி அம்மாள் இருக்கிறார். கணவருக்கு விமான நிலையத்தில் வேலை. பிள்ளைகள் வெளிநாடு போனதும் ஆன்லைனில் ஃபெங் சுயி என்ற சீன வாஸ்து படித்துச் சான்றிதழ் வாங்கியவர். நவம்பரில் ஒரு நாள் நான் பால் வாங்கிக்கொண்டு வந்தபோது வீட்டு வாசலில் செருப்பு அலமாரி இல்லை. நடுக்கூடத்தில் அந்த அம்மாள் கையில் திசைகாட்டியோடு நின்றுகொண்டிருந்தார். என் மனைவி பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள். ஆய்வுக் குழு வந்தால் என்ன தோற்றம் இருக்குமோ, அந்தத் தோற்றம்.

"நமஸ்தே பாய்சாப்" என்றார் அவர். "உங்க வீட்டுல சக்தி உள்ள வரவே வழியில்ல. வாசல்லயே செருப்பு வழிமறிச்சுது." எல்லாம் ஹிந்தியில்தான், நான் தமிழில் தருகிறேன்.

"அந்தச் செருப்பு அலமாரிக்குச் சொசைட்டி அனுமதி இருக்கு" என்றேன்.

"சக்திக்குத் தெரியாதே" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் பொருட்கள் இடம் மாறத் தொடங்கின. குளியலறைக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். நின்றுபோன கடிகாரம் வீட்டில் இருக்கக் கூடாது. கட்டிலுக்கு எதிரே இருந்த கண்ணாடி நடைக்கு மாறியது. அங்கே தினமும் காலையில் நான் என்னை எதிர்பாராமல் சந்திக்க வேண்டியிருந்தது. ஆறு குழாய் வைத்த ஒரு காற்றுமணி பால்கனிக் கதவில் தொங்கியது. வயிறு குலுங்கச் சிரிக்கும் ஒரு புத்தர் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயில் நாணயத்தோடு மூன்று கால் தவளை ஒன்று வந்தது. நான்காவது கால் எங்கே என்று கேட்டேன். என் மனைவி அதன் முகத்தை வீட்டுக்குள் திருப்பி வைத்தாள்.

தினமும் காலையில் எல்லா ஜன்னல்களையும் அரை மணி திறந்து வைத்து நல்ல காற்றை உள்ளே விட வேண்டும் என்பது இன்னொரு விதி. டில்லியில், நவம்பரில்! எதிர் பிளாக்கே கண்ணுக்குத் தெரியாத புகையில் நான் ஜன்னலைக் காட்டி, "இதுல எது உள்ள வரும்னு மேடத்துகிட்ட கேட்டியா?" என்றேன். என் மனைவி யோசித்தாள். ஜன்னல் விதி பிப்ரவரி வரை நிறுத்திவைக்கப்பட்டது. விதிவிலக்கு கொடுக்க அவளுக்கு அதிகாரம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாவது விதிவிலக்கு படுக்கை விஷயத்தில் வந்தது. ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதியை வைத்து ஓர் எண் உண்டாம். அந்த எண்ணுக்கு ஏற்ற திசையில் தலை வைக்க வேண்டுமாம். மூன்றாம் மாடி அம்மாள் என் பிறந்த தேதி கேட்டார்.

"சர்டிபிகேட் தேதியா, நிஜத் தேதியா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் எனக்கு ஒரு வருடம் கூட்டிப் போட்டுப் பள்ளியில் சேர்த்தார். அரசாங்கம் அந்தத் தேதியைத்தான் நம்பியது. நான் நிஜமாக அறுபது ஆவதற்கு ஒரு வருடம் முன்பே மாலை போட்டு அனுப்பிவிட்டது. இதைச் சொன்னதும் அவர் இரண்டு தேதிக்கும் கணக்குப் போட்டார். ஒன்றுக்கு ஒரு திசை, மற்றதற்கு வேறு திசை. "நிஜத் தேதிதான் செல்லும்" என்று தீர்ப்பளித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரி என் நிஜத் தேதியை ஏற்றுக்கொண்டார். அந்த அம்மாள் மேல் எனக்கு லேசான மரியாதை வந்தது அப்போதுதான். ஆனால் நிஜத் தேதிக்கு வந்த திசை வடக்கு.

"வடக்க தலை வச்சு படுக்கவா?" என் மனைவி நோட்டை மூடிவிட்டாள். "மேடம்ஜி, அது மட்டும் நஹீ. எங்க பக்கம் வடக்க தலை வச்சா ஆள் போயிட்டான்னு அர்த்தம்."

சீனத்துக்கும் திருநெல்வேலிக்கும் முரண்பாடு வந்தால் திருநெல்வேலியே மேலோங்கும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பார்த்தேன் என்றால் அது முழு உண்மை இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது தவளையைப் பற்றி ஏதோ சொன்னேன். என் மனைவி கரண்டியை வைத்துவிட்டாள்.

"என்னங்க, இது எல்லாம் நம்பித்தான் செய்யுதேன்னு நெனச்சியளா? எனக்கு அவ இந்த வீட்டுக்குள்ள வரணும். வந்து ஒங்ககூட உக்காந்து சாப்பிடணும். ஒங்ககிட்ட ஏழு தடவ சொல்லிப் பாத்தாச்சு. அவகிட்டயும் சொல்லிப் பாத்தாச்சு. ரெண்டு பேரும் ஒரே அச்சு. மனுஷங்ககிட்ட சொல்லி நடக்கல. இனி தவளகிட்டதான் சொல்லணும்."

அதற்குப் பிறகு தவளையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

டிசம்பர் கடைசியில் ஆய்வுக் குழு என் அலுவலக அறைக்குள் வந்தது. மூன்றாம் மாடி அம்மாள் பீரோவுக்குப் பக்கத்தில் நின்று, ஜன்னலைப் பார்த்துத் திசைகாட்டியைப் பிடித்தார். முள் ஆடி நின்றது. "மேற்கு" என்றார். என் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். மேற்கு, பிள்ளைகளின் மூலையாம். அதில் பழைய காகிதத்தை அடைத்து வைத்தால் பிள்ளைகள் வீட்டோடு ஒட்ட மாட்டார்களாம்.

"கேட்டியளா?" என்றாள் என் மனைவி.

கேட்டேன். கேட்டதோடு முள்ளையும் பார்த்தேன். பள்ளிக்கூட இயற்பியல் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஆறடி இரும்புக்குப் பக்கத்தில் காந்த முள்ளைப் பிடித்தால் அது வடக்கைக் காட்டாது, இரும்புக்கு மரியாதை செய்யும். பீரோவிலிருந்தே ஒரு ஃபைலை எடுத்தேன்: கட்டடத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சான்றொப்பமிட்ட நகல், வடக்கைக் காட்டும் அம்புக்குறியோடு. அதன்படி எங்கள் வீட்டில் இந்த அறை மேற்கு இல்லை, வடமேற்கு.

"மேடம், உங்க முள் பொய் சொல்லுது. பீரோ அதை இழுக்குது" என்றேன். எத்தனையோ கூட்டங்களில் கிடைத்த அதே பழைய சந்தோஷம்.

அவர் கோபப்படவில்லை. வரைபடத்தைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். "அப்படின்னா பீரோவ எடுங்க பாய்சாப். மறுபடி பாப்போம்."

எடுக்கத்தான் வேண்டும். ஆட்சேபணை எழுப்பியவன் நான். நிரூபிக்கும் பொறுப்பும் என்னுடையது. ஃபைல்களை வேறு யாரும் தொட நான் விடுவதில்லை. அதனால் இரண்டு நாள் நானே ஒவ்வொரு தட்டாக இறக்கி, கூடத்துத் தரையில் வருட வாரியாக அடுக்கினேன். மூன்றாம் நாள் வேறு வீட்டுக்குச் சாமான் ஏற்ற வந்திருந்த இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, காலிப் பீரோவைப் பால்கனிக்கு நகர்த்தினோம். அது நின்ற இடத்தில் சுவர் வேறு நிறத்தில் இருந்தது. மகள் பள்ளிக்கூட நாட்களில் சுவரில் வரைந்து, நான் திட்டி, பாதி அழித்த ஒரு யானை அங்கே தெரிந்தது. பீரோவை வைத்தபோது அதை நான் கவனிக்கவே இல்லை.

மூன்றாம் மாடி அம்மாள் வந்தார். அறை நடுவில் நின்றார். முள் ஆடாமல் நின்றது. வடமேற்கு.

"பார்த்தீங்களா?" என்றேன்.

"ஆமா பாய்சாப், நீங்கதான் சரி" என்று ஒப்புக்கொண்டு தன் குறிப்பேட்டைப் புரட்டினார். புரட்டியவர் சிரிக்க ஆரம்பித்தார். "அரே வா! வடமேற்குன்னா பிள்ளைகளோட மூலை இல்ல. அப்பாவோட மூலை. பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்ல. கோளாறு உங்ககிட்டதான்."

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு மாதக்கணக்காகி இருந்தது. நானே வரைபடம் காட்டி, நானே பீரோவை நகர்த்தி, எனக்கு எதிரான தீர்ப்பை நானே வாங்கிக்கொண்டேன். மேல்முறையீட்டுக்கு வழியில்லை, ஆதாரம் என்னுடையது.

"இனி அந்தப் பீரோ உள்ள வரக் கூடாது" என்றாள் சிரிப்பு அடங்கியதும். "ஃபைலும் வரக் கூடாது. ஒவ்வொண்ணா பாருங்க. வேண்டியத மட்டும் ஒரு பெட்டியில வைங்க. மிச்சம் கபாடிவாலாவுக்கு எடைக்குப் போட்டுருங்க."

எந்தக் கோப்புக்கும் ஓர் ஆயுள் உண்டு. எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அலுவலகத்தில் வருடா வருடம் அதைச் செய்ய வைத்தவன் நான். வீட்டில் ஒரு காகிதத்தைக்கூட அழித்ததில்லை. ஜனவரி முதல் வாரம், மூடுபனி விலகிப் பதினோரு மணிக்கு மேல் கொஞ்சம் வெயில் வரும் நேரத்தில், பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மாற்றியாகிவிட்ட மீட்டரைப் பற்றிய புகார்: அழிக்க. காலாவதியான பாலிசி: அழிக்க. சொசைட்டியில் நாய் வளர்ப்பது பற்றி நான் எழுதிய பதினோரு கடிதங்கள்: நாயே செத்துப்போய்விட்டது, அழிக்க.

நான்காம் நாள் மகளின் ஃபைல் கைக்கு வந்தது. இதற்குக் காலவரையறை கிடையாது. நிரந்தரமாக வைக்க வேண்டியது. சின்னப் பெட்டியில் கொள்ளவில்லை என்பதால் அட்டையைக் கழற்றிக் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று பச்சைக் கயிற்றை அவிழ்த்தேன். கடைசித் தாள் நழுவிக் கீழே விழுந்தது. கவிழ்ந்து விழுந்தது.

பின்பக்கத்தில் ஒரு படம் இருந்தது.

குனிந்து எடுத்தேன். பென்சிலால் வரைந்த வழிப்படம். முனிர்கா மெட்ரோ வாசல், ஒரு பழக்கடை, ஒரு போட்டோகாப்பிக் கடை, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து, நீலக் கதவு, மூன்றாம் மாடி. 'தலை ஜாக்கிரதை' என்று படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு. வலது மேல் மூலையில், அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக, வடக்கைக் காட்டும் ஓர் அம்புக்குறி. அவள் ஆறாம் வகுப்பில் படித்தபோது, வடக்கு போடாத படம் படமே இல்லை என்று நான் ஒரு முழுப் படத்தையும் திரும்ப வரைய வைத்திருக்கிறேன்.

அதற்குக் கீழே தமிழில், ஒவ்வோர் எழுத்தாக நின்று நின்று எழுதியது: 'அப்பா, ஒரு நாள் வாங்க. ராஜ்மா சாவல் பண்ணுதேன்.'

தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தேன். அவள் கையெழுத்துக்குக் கீழே, ஓரத்தில், பின்பக்கம் திருப்பச் சொல்லி ஒரு சிறிய வளைந்த அம்பு இருந்தது. அதன் மேல் பென்சிலால் ஒரு டிக். 'படித்தாயிற்று' என்று நான் போடும் டிக்.

முதல் மூன்று தாளும் ஒரு பக்கம்தான். நான்காவதும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு, துளை போட்டு, கயிறு கட்டி, ஒன்பது பத்திக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அவள் நாலு தாள் எழுதியதே அந்தப் பின்பக்கத்துக்காகத்தான் இருக்க வேண்டும். அதைத்தான் நான் விழுங்கியிருக்கிறேன். ஏழு மாதமாக அவள், அப்பா பார்த்தும் பதில் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

என் மனைவி கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் வைத்தேன். முதலில் படத்தைப் பார்த்தாள். பிறகு எழுத்தைப் படித்தாள். ஒரு பட்டாணி உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று.

"இத இப்பத்தான் பாக்கியளா?"

"இப்பத்தான்."

"ஒம்போது பதில் எழுதுனிய."

"ஆமா."

"தாளத் திருப்பிப் பாக்கல."

"பாக்கல."

இன்னும் பலதும் சொல்வாள் என்று நின்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். "இப்ப போன் போடுங்க."

"எழுத்துல கேட்டிருக்கா. எழுத்துலதான் பதில் போகணும்."

"இன்னுமா விதி?"

"விதி இல்ல" என்றேன். "போன எடுத்தா நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது. எழுதுனா நாலு தடவ அடிச்சு எழுதலாம்."

இதை அவள் ஏற்றுக்கொண்டாள்.

முதல் வரைவு 'மேற்படி பொருள் குறித்து' என்று தொடங்கியது. படித்த உடனே கிழித்தாள். இரண்டாவதில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதும்போது பின்பக்கக் குறிப்பைத் தெளிவாகக் காட்ட வேண்டிய அவசியத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. "அவ தப்புன்னு சொல்ல வாறியளா?" என்றாள். அந்தப் பத்தி போயிற்று. மூன்றாவது வரைவில் 'வருந்துகிறேன்' என்ற சொல் இருந்தது. "அது ரயில் லேட்டானா ஸ்டேஷன்ல சொல்லுதது" என்றாள். கடைசியில் தமிழில், மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் என்பதால் பெரிய எழுத்தில், இதுதான் மிஞ்சியது:

'உன் கடிதத்தின் கடைசித் தாளின் பின்பக்கத்தை நான் இன்றுதான் பார்த்தேன். பார்க்காமல் விட்டது என் தப்பு. வடக்கு சரியாகப் போட்டிருக்கிறாய். நான் வருகிறேன். எந்த நாள் என்று சொல். உன் அறையில் இருந்த பீரோவை எடுத்துவிட்டேன். யானை இருக்கிறது. அப்பா.'

ஜனவரி ஐந்தாம் தேதி விரைவுத் தபாலில் சேர்த்தேன். இரண்டு நாளில் சேர்ந்துவிட்டது என்று போனில் காட்டியது. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள்.

பதில் வரவில்லை.

ஒரு வாரம் போயிற்று. மகளின் கட்டிலை நேராகப் போட்டு, மெத்தையை வெயிலில் காய வைத்தோம். அம்மாவோடு அவள் வழக்கம்போல் பேசினாள்; கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவும் கேட்கவில்லை. நான் கேட்கச் சொன்னபோது, "ஒங்க கரஸ்பாண்டன்ஸ்ல நான் தலையிடமாட்டேன்" என்றாள்.

பதினைந்தாம் நாள் வந்தது. பதினாறாம் நாளும் வந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. நினைவூட்டல் கடிதம் எழுதுவதில் நான் தேர்ந்தவன். முதல் நினைவூட்டல், இரண்டாவது, பிறகு மேலதிகாரி பெயருக்கு ஒன்று. ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்ததை என் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன அது?"

"சும்மா. கிடைச்சுதான்னு கேக்கலாம்னு."

"ஒங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு. அவளுக்கு ஒரு மாசம் குடுக்கக் கூடாதா?"

தாளை மடித்து வைத்தேன். வாழ்க்கையில் நான் அனுப்பாமல் விட்ட முதல் நினைவூட்டல் அது. அதற்குப் பதிலாக அறையில் போய் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தினமும் மத்தியானம் அப்படி உட்கார்ந்தேன். பீரோ போனதால் அங்கே வெயில் விழுந்தது. சக்தி வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை; வெயில் வந்தது என்று சான்றொப்பம் இடுவேன். காற்றுமணியை மனைவி அந்த ஜன்னலுக்கு மாற்றியிருந்தாள். எப்போதாவது ஒரு முறை அது அடித்தபோது எழுந்து போய் வாசல் கதவைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாடி அம்மாளிடம் இதைச் சொல்லவில்லை. படியில் பார்க்கும்போது அவர், "பாய்சாப், மூலை எப்படி இருக்கு?" என்று கேட்பார். "பரிசீலனையில் இருக்கு" என்பேன்.

ஜனவரி முடிந்தது. புகை குறைந்தது. நிறுத்திவைத்திருந்த ஜன்னல் விதி மறுபடி அமலுக்கு வந்தது. காலையில் அரை மணி எல்லா ஜன்னலும் திறந்திருந்தன.

அப்படி ஒரு காலையில், தபால்காரர் வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போன உறை மேலே வந்தது. பழுப்பு உறை. முகவரி தமிழில், தபால்காரருக்காக அதற்கு அடியில் ஹிந்தியிலும் எழுதியிருந்தாள். என் மனைவி கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். உள்ளே ஒரே தாள். நான் முன்பக்கத்தைப் படிக்கவில்லை. முதலில் திருப்பினேன்.

பின்பக்கத்தில் அவளுடைய அறையின் வரைபடம். ஒரு கட்டில், ஒரு மேஜை, கம்ப்யூட்டர், ஓர் அடுப்பு, மூன்று நாற்காலி. இரண்டில் 'அம்மா', 'நான்' என்று இருந்தது. மூன்றாவதில் 'அப்பா'. மேலே வடக்கு.

"ஒங்கள எந்த மூலையில போட்டிருக்கா?" என்றாள் மனைவி. "வடமேற்கா?"

அம்புக்குறியை வைத்துப் பார்த்தேன். "தென்கிழக்கு. அடுப்புக்குப் பக்கத்துல."

"வேல வாங்கப் போறா" என்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு முன்பக்கத்தைப் படித்தேன். எழுத்துகள் போன தடவையைவிட நேராக நின்றன. எண் போட்டிருந்தாள்.

'1. லெட்டர் கிடைச்சது.
2. தாமதம் மன்னிக்கப்பட்டது. இனிமே இப்படி நடக்கக் கூடாது.
3. என் பதிலும் லேட். முதல் ரெண்டு வாரம் கோபம். அப்புறம் படம் முடிக்க வேண்டியிருந்தது. முடிச்சாச்சு. வந்தா காட்டுதேன். அதில ஒரு யானை இருக்கு.
4. வர்ற ஞாயிறு, பதினோரு மணி.
5. ராஜ்மா முந்தின நாளே ஊற வைக்கணும். அதனால வருவீங்களா மாட்டீங்களான்னு போன் பண்ணிச் சொல்லணும். எழுத்துல வேண்டாம்.'

மேஜையில் இருந்த பென்சிலை எடுத்தேன். வந்த கடிதத்தின் வலது மேல் மூலையில், கிடைத்த நாளைக் குறிக்க வேண்டும் என்பது விதி. போனை எடுப்பதற்கு முன்னால் அதை மட்டும் செய்தேன்: பிப்ரவரி ஒன்பது, திங்கட்கிழமை.